காதலுக்குக் கையெழுத்து எதற்கு?

(‘காதல், ஆசை, மனித இயல்பு’ என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கெடா மாநிலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். இறுதியில் அரங்கத்தினர் கேட்ட கேள்விகளும் அவர் தந்த பதில்களும் இடம்பெறுகின்றன.)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பெரியது. ஞானிகளே பேசி முடிக்காத விஷயம். நானோ சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்டப் பள்ளிகளில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். ஆகவே எனக்குத் தெரிந்த கெடா தோட்டங்களையும் பட்டணங்களையும் வைத்தே இதைப் பேசுகிறேன்.

நிகழ்ச்சி தொடங்கும் முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். கூலிமில் தொழிற்சாலை வேலை. “டீச்சர், நாங்க ரெண்டு பேரும் மனசார விரும்பினோம். கோயில்ல தாலி கட்டிட்டோம். சந்தோஷமா இருக்கோம். அப்புறம் எதுக்கு இந்தப் பதிவு, பத்திரம் எல்லாம்? காதலுக்குக் கையெழுத்து எதுக்கு டீச்சர்?” என்று கேட்டார்.

நல்ல கேள்வி. கேட்கத் தைரியம் வேண்டிய கேள்வியும்கூட. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்தத் தம்பிக்குச் சொல்லும் பதில்தான்.

ஆசை பாவமா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆசை பாவம் அல்ல. பசி எப்படியோ, தாகம் எப்படியோ, அப்படி இயற்கை நமக்குள் வைத்தது அது. அதைப் பற்றிப் பேசவே கூடாது என்று வாயை மூடுவது நமது பழைய பழக்கம் அல்ல. இடையில் வந்த பழக்கம். தொல்காப்பியர் காதலை ஏழாக வகுத்தார். ஒரு பக்கம் மட்டும் விரும்புவது கைக்கிளை. பொருந்தாத விருப்பம் பெருந்திணை. இருவரும் ஒத்து விரும்புவதே நடுவில் நிற்கும் ஐந்திணை. ஆக, எது காதல், எது காதல் அல்ல என்று அன்றே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இன்றைய மனநூலார் என்ன சொல்கிறார்கள்? அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க் 1986இல் ஒரு விளக்கம் கொடுத்தார். காதலை ஒரு முக்கோணமாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரு மூலையில் வேட்கை. இன்னொரு மூலையில் மனநெருக்கம். மூன்றாவது மூலையில் உறுதி, அதாவது ‘இன்பத்திலும் துன்பத்திலும் உன்னோடு இருப்பேன்’ என்கிற முடிவு. வேட்கை மட்டும் இருந்தால் அது மயக்கம். நெருக்கம் மட்டும் இருந்தால் நட்பு. உறுதி மட்டும் இருந்தால் வெறும் கடமை. மூன்றும் சேர்ந்தால்தான் முழுமையான காதல்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த மூன்றும் ஒரே வேகத்தில் வருவதில்லை. வேட்கை மின்னல் மாதிரி வரும். நெருக்கம் மெல்ல மெல்ல வளரும். உறுதியோ தானாக வராது. அதை நாம்தான் எடுக்க வேண்டும்.

இத்தாலியில் பைசா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1999இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். புதிதாகக் காதலில் விழுந்த 20 பேரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் தொடர்பான அளவு அவர்களிடம் குறைந்திருந்தது. எந்த அளவுக்கு? ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப நினைத்துத் தவிக்கும் மனநோய் கண்டவர்களுக்கு இருக்கும் அதே அளவுக்கு! ஓராண்டுக்கும் மேலான பிறகு அவர்களில் சிலரை மீண்டும் சோதித்தபோது அளவு சாதாரண நிலைக்கு வந்திருந்தது. நம் பாட்டிமார்கள் இரத்தம் எடுக்காமலே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ‘ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள்’ என்று சொல்லி வைத்தார்கள்.

மோகம் தணிவது யாருடைய குற்றமும் அல்ல. அது உடலின் இயல்பு. தணிந்த பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சாட்சிக்கு ஒரு பறவை

குறுந்தொகையில் கபிலர் பாடிய ஒரு பாட்டு இருக்கிறது. இருபத்தைந்தாவது பாட்டு. ஒரு பெண் தன் தோழியிடம் பேசுகிறாள். அவனும் அவளும் தனிமையில் சேர்ந்தபோது அங்கே வேறு யாரும் இல்லை. நாளைக்கு அவனே ‘நான் இல்லை’ என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள். பிறகு யோசித்து, ஒரே ஒரு சாட்சி இருந்ததாகச் சொல்கிறாள். ஓடும் தண்ணீரில் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு!

அந்தப் பறவையா வந்து சாட்சி சொல்லும்? அதன் கண்ணெல்லாம் மீன் மேல். இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தப் பெண்ணின் பயம், நேயர்களே, இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

சகுந்தலை கதையும் இதுதான். காட்டில் யாரும் அறியாமல் துஷ்யந்தனை மணந்தாள். வயிற்றில் பிள்ளையோடு அரசவையில் போய் நின்றபோது, ‘நீ யார்?’ என்று கேட்டான் அவன். காளிதாசன் நாடகத்தில் மீன் வயிற்றிலிருந்து கிடைத்த மோதிரம்தான் கடைசியில் அவள் சொன்னது உண்மை என்று காட்டியது. அந்த மோதிரம் என்ன? அந்தக் காலத்துத் திருமணப் பத்திரம். அது தொலைந்த இடத்தில் ஒரு மகாராணியே அனாதையாக நின்றாள்!

தொல்காப்பியமும் இதையே சொல்கிறது. ஆதியில் சடங்கு கிடையாது. பொய் சொல்பவர்களும் சொன்ன சொல்லிலிருந்து வழுவுபவர்களும் தோன்றிய பிறகே பெரியவர்கள் திருமணச் சடங்கை ஏற்படுத்தினார்கள் என்று கற்பியல் கூறுகிறது. எவ்வளவு நேர்மையான விளக்கம் பாருங்கள்! மனிதன் மறப்பான், மறுப்பான், ஆகவே சாட்சி வேண்டும் என்கிறது.

லயமே சாட்சியாக இருந்த காலம்

இனி நம் கெடாவுக்கு வருவோம்.

1909 வரை கெடா சயாமின் மேலாதிக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அதையொட்டிய காலத்தில் சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங், பாடாங் செராய் பக்கமெல்லாம் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நம் முன்னோர்கள் பினாங்கில் கப்பல் இறங்கிப் பால்மரக் காடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறையும் தனியாகக் கப்பலேறி வருவதும் தொடர்ந்தன.

வந்தவர்களில் ஆண்களே மிக அதிகம். 1931இல் மலாயாவில் எடுத்த குடிக்கணக்கில்கூட இந்தியரிடையே ஏறக்குறைய இரண்டு ஆணுக்கு ஒரு பெண்தான். அதற்கு முந்தைய கணக்குகளில் பெண்கள் இன்னும் குறைவு. அன்றைய வெள்ளைக்காரர்கள் பலர், தோட்டத்தில் நடந்த சண்டை சச்சரவுகளைப் பார்த்து ‘இவர்களுக்கு ஒழுக்கம் இல்லை’ என்று எழுதி வைத்தார்கள். ஆனால் ஊரில் மனைவியை விட்டுவிட்டு வந்த இளைஞர்களைக் கொட்டகையில் அடைத்து வைத்தால் என்ன நடக்கும்? குற்றம் இயல்பில் இல்லை. ஆட்களைக் கொண்டு வந்த முறையில் இருந்தது.

இன்னொரு கொடுமையும் இருந்தது. அதிகாரத்தில் இருப்பவனின் ஆசை. அது காதல் அல்ல, பறிப்பு. 1941இல் சிலாங்கூரில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து வைத்த கோரிக்கைகளில் ஒன்று, துரைமார்களும் தோட்ட அதிகாரிகளும் எங்கள் பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்த வேண்டும் என்பது. கூலி உயர்வுக்குச் சமமாக மானத்தையும் வைத்துப் போராடினார்கள் அந்த மக்கள்.

1938இல் இந்திய அரசாங்கம், பயணச் செலவு கொடுத்துக் கூலிகளை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. இங்கே இருந்தவர்கள் குடும்பமாக நிலைக்கத் தொடங்கினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் மாரியம்மன் கோயில். கல்யாணம் என்றால் கோயில் வாசலில் பந்தல். கங்காணி, தண்டல், கிராணி எல்லாரும் வருவார்கள். லயமே திரண்டு சமைக்கும்.

பத்திரம் எங்கே இருந்தது? இல்லை. தோட்டத்தில் இருந்த ஒரே ஏடு செக்ரோல். அதில் யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று இருக்கும். யாருக்கு யார் கணவன் என்று இருக்காது. ஆனால் அது தேவைப்படவில்லை. ஏனென்றால் லயத்தில் நாற்பது குடும்பம் இருந்தால் நாற்பது குடும்பமும் சாட்சி. மனைவியை விட்டு ஒருவன் ஓடிவிட்டால், விடிந்ததும் பெரட்டுக் களத்தில் நின்று எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும். அந்த வெட்கமே அன்றைய சட்டம்.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. ஜப்பான்காரன் காலத்தில், 1942, 1943இல், தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். திரும்பி வராதவர் எத்தனையோ பேர். இறந்தார் என்று சொல்லவும் ஒரு தாள் இல்லை, இவர் மனைவி என்று சொல்லவும் ஒரு தாள் இல்லை. தாலியைக் கழற்றுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் எத்தனையோ பெண்கள் காலம் கழித்தார்கள். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்தில் அப்படி ஒரு பாட்டி இருந்தார். நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டே செத்துப்போனார்.

1982 மார்ச் 1

நம் திருமணங்களுக்கு நாடு முழுவதற்குமான ஒரே சட்டம் எப்போது வந்தது? முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த கல்யாணங்களை அந்தச் சட்டம் பதிவானதாகவே ஏற்றுக்கொண்டது. நம் அம்மா, பாட்டிமார்களின் தாலிக்கு அது கொடுத்த மரியாதை. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு நடக்கும் ஒவ்வொரு திருமணமும் பதிவாக வேண்டும்.

முக்கியமான மாற்றம் இன்னொன்று. அதற்கு முன் இந்து ஆண் ஒருவர் வழக்கப்படி இரண்டாம் தாரம் கட்ட முடிந்தது. 1982க்குப் பிறகு ஒருவனுக்கு ஒருத்திதான். சட்டப்படி முதல் திருமணம் இருக்கும்போது இரண்டாவது செய்தால் அந்த இரண்டாவது செல்லாது. அதோடு குற்றவியல் சட்டத்தின் 494ஆம் பிரிவுப்படி ஏழு ஆண்டுவரை சிறைத்தண்டனையும் உண்டு. ‘பெரியவர்கள் முன்னால் தாலியைத் திருப்பிக் கொடுத்தாச்சு, முடிஞ்சு போச்சு’ என்று நம்மவர்கள் சொல்வார்கள். முடியவில்லை ஐயா! நீதிமன்றம் மணவிலக்குக் கொடுத்தால்தான் முடிந்தது.

நம் வழக்கத்தை இந்தச் சட்டம் ஒதுக்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று தடை போட்ட இடத்தில்கூட, இந்துக்களின் வழக்கப்படி தாய்மாமனை மணக்கலாம் என்று விலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். கோயில் குருக்களையோ நிர்வாகத்தினரையோ துணைப் பதிவாளராக நியமிக்கவும் அதில் வழி உண்டு. தாலியும் கையெழுத்தும் ஒரே மேடையில் நடக்கலாம்.

நடைமுறையும் கடினம் அல்ல. தேசியப் பதிவுத் துறையில் இருவரும் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பெயர்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு 21 நாள் கழிந்த பிறகு சான்றிதழ் கிடைக்கும். அறிவிப்பு வெளியான ஆறு மாதத்துக்குள் திருமணம் நடக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் வேண்டும். 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும்.

அந்த 21 நாள் எதற்குத் தெரியுமா? ‘இவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறார்’ என்று யாராவது வந்து சொல்ல இடம் கொடுப்பதற்கு. கபிலர் பாட்டுப் பெண்ணுக்கு ஒரு குருகுதான் இருந்தது. சட்டம் உங்களுக்கு ஊரையே சாட்சியாக்கித் தருகிறது!

லயம் கலைந்தது, சாட்சியும் கலைந்தது

அப்படியானால் ஏன் இன்னும் பதியாத திருமணங்கள்?

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்தது. பிள்ளைகள் சுங்கை பட்டாணிக்கும், 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவுக்கும், பினாங்குக்கும் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். கையில் சொந்தச் சம்பளம். தங்குவதற்கு வாடகை அறை. இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட். அங்கே காதல் பிறப்பது இயற்கை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தானே சம்பாதித்து, தானே துணையைத் தேர்ந்தெடுப்பது பெண்களுக்குக் கிடைத்த பெரிய விடுதலை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லயத்துக் காதலை நாற்பது குடும்பம் பார்த்தது. அடுக்குமாடி வீட்டுக் காதலைப் பக்கத்து வீட்டுக்காரர்கூடப் பார்ப்பதில்லை. பெற்றோர் சாதி பார்த்து, ஜாதகம் பார்த்து, வசதி பார்த்து எதிர்க்கிறார்கள். பிள்ளைகள் அவசரமாக ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். 21 நாள் காத்திருக்கப் பயம். ‘பிறகு பதிந்துகொள்ளலாம்’ என்கிறார்கள். அந்தப் பிறகு வருவதே இல்லை.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி அப்படித்தான் மணந்தாள். எட்டு ஆண்டு ஒழுங்காகக் குடும்பம் நடத்தினார்கள். அவன் நல்ல பிள்ளை, குடி கிடையாது. ஒருநாள் அதிகாலை வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிள் விபத்து. காரியம் முடிந்து பணம் கோரப் போனபோது கேட்ட முதல் தாள், திருமணப் பத்திரம். அவளிடம் இருந்தது கோயிலில் எடுத்த ஒரே ஒரு படம். அவன் வீட்டாரோ ‘எங்கள் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகவில்லை’ என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவர்கள் காதலில் ஒரு குறையும் இல்லை நேயர்களே. சாட்சிதான் இல்லை.

கணவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டுச் சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி, பெற்றோரும் மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. ‘மனைவி’ என்ற அந்த ஒரு சொல்லை நிரூபிக்க முடியாவிட்டால் கால் பங்கும் ஆட்டம் கண்டுவிடும்.

நீதிமன்றத்துக்குப் போனால் என்ன ஆகும்? பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒரு திருமணம் செல்லாமல் போகாது என்று 34ஆம் பிரிவு சொல்கிறது. சான்றிதழ் இல்லாமல் நடக்கும் திருமணம் செல்லாது என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. நீதிபதிகளே இதில் ஒரே மாதிரி தீர்ப்புச் சொன்னதில்லை. சில வழக்கில் மனைவி வென்றாள், சில வழக்கில் தோற்றாள். கண்ணீரோடு இருக்கும் நேரத்தில் அந்தச் சூதாட்டம் யாருக்கு வேண்டும்?

பிள்ளை என்ன செய்தது?

எல்லாவற்றிலும் பெரிய வேதனை பிள்ளைகளுடையது.

பெற்றோரின் திருமணம் பதிவாகாவிட்டால், இருவரும் சேர்ந்து கேட்டுக்கொண்டால் அல்லாமல், பிறப்புப் பத்திரத்தில் தந்தையின் பெயரைப் போட முடியாது. தாய் மலேசியப் பிரஜையாக இருந்து பிள்ளை இங்கே பிறந்தால், பிள்ளையின் குடியுரிமைக்குப் பெரும்பாலும் ஆபத்து இல்லை. தாய் வெளிநாட்டவர் என்றால்தான் பெரிய ஆபத்து. கெடா எல்லை மாநிலம். தாய்லாந்துப் பெண், இந்தோனேசியப் பெண் என்று நம் பிள்ளைகள் விரும்பி வாழ்வது புதிதல்ல. ஆனால் நமது அரசியலமைப்புச் சட்டத்தின்படி, திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமையைத்தான் பின்பற்றும். தகப்பன் மலேசியராக இருந்தும் பிள்ளை மலேசியர் ஆகாது.

‘பிறந்த பிறகு பதிந்தால் சரியாகிவிடும்’ என்று சிலர் நினைக்கிறார்கள். 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, பெற்றோர் பிறகு முறையாக மணந்தால் பிள்ளை முறையான பிள்ளை ஆகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் குடியுரிமை? மலேசியத் தந்தைக்கும் வெளிநாட்டுத் தாய்க்கும், திருமணப் பதிவுக்கு முன் பிறந்துவிட்ட ஒரு பிள்ளையின் வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. 2021 மே மாதம் ஏழு நீதிபதிகளில் நால்வர், பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றார்கள். மூவர் உண்டு என்றார்கள். நான்குக்கு மூன்று! பெற்றோர் பிறகு மணந்துகொண்டும் பிறந்த நாள் திரும்பி வரவில்லை.

12 வயதில் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் அடையாள அட்டை எடுக்கப் போவார்கள். ஒரு பிள்ளை மட்டும் மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். நான் பார்த்திருக்கிறேன். பிறகு வங்கிக் கணக்கு இல்லை, நல்ல வேலை இல்லை, அதற்கும் பிறகு தன் திருமணத்தையே பதிய முடியாது. ஆவணம் இல்லாத இந்தியர்களுக்காக 2011இல் அரசாங்கம் ‘மைடஃப்தார்’ என்ற பதிவு இயக்கத்தையே நடத்த வேண்டி வந்தது. இரண்டு பேரின் ஆசையில் பிறந்த பிள்ளை, இரண்டு பேரின் அலட்சியத்தைத் தலைமுறை தாண்டிச் சுமக்கிறது.

அரங்கத்தினர் கேள்விகள்

ஒரு தாயார்: டீச்சர், என் மகளுக்குக் கோயில்ல மட்டும்தான் கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை அடிக்கிறாரு. போலீசுக்குப் போனா, பத்திரம் எங்கேன்னு கேட்பாங்கன்னு பயப்படுறா.

பதில்: பயப்பட வேண்டாம் அம்மா. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம், சமய முறைப்படியோ வழக்கப்படியோ திருமணச் சடங்கு நடந்திருந்தால், அது பதிவாகாமல் இருந்தாலும் அவரைத் துணைவியாகவே ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மகள் புகார் செய்யலாம், பாதுகாப்பு ஆணை கேட்கலாம். நாளைக்கே போங்கள். நீங்களும் கூடப் போங்கள்.

ஓர் இளம்பெண்: பிள்ளையைக் கொடுத்துட்டு விட்டுட்டுப் போனவர்கிட்ட செலவுக்குக் கேட்க முடியுமா டீச்சர்?

பதில்: பிள்ளைக்காகக் கேட்கலாம் மகளே. 1950ஆம் ஆண்டு ஜீவனாம்சச் சட்டப்படி, திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் தந்தை செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிடலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் சட்ட உதவி அலுவலகத்தை நாடுங்கள்.

ஒரு பெரியவர்: எல்லாம் சரிம்மா. பத்திரம் எழுதிட்டா மட்டும் அன்பு நிலைச்சிடுமா? பதிஞ்சவங்களும்தானே பிரியுறாங்க?

பதில்: சரியாகக் கேட்டீர்கள் ஐயா. பத்திரம் அன்பைத் தராது. அன்பு போனாலும் நீதி போகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பிரிய வேண்டி வந்தாலும் சட்டம் உடனே கதவைத் திறப்பதில்லை. திருமணமாகி இரண்டு ஆண்டுக்குள் பொதுவாக மணவிலக்குக் கேட்க முடியாது. ஒருவர் மட்டும் கேட்டால் முதலில் சமரசக் குழுவிடம் அனுப்புகிறார்கள். மோகம் தணிந்து மனம் கசக்கும் அந்த ஆரம்ப காலத்தில், ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல லயத்தில் ஒரு பெரியம்மா இருந்தார். இன்று அந்தப் பெரியம்மா வேலையைச் சட்டம் செய்கிறது.

மற்றபடி அன்பு நிலைப்பது நம் கையில்தான். வள்ளுவர் காமத்துப்பாலில் 25 அதிகாரம் வைத்தார். மணத்துக்கு முந்தைய களவுக்கு 7. மணத்துக்குப் பிந்தைய கற்புக்கு 18. பிரிவும் காத்திருப்பும் ஊடலும் சமாதானமும் எல்லாம் அந்தப் பதினெட்டில்தான் வருகின்றன. காதலித்துக் கல்யாணம் செய்வது சின்ன வேலை. கல்யாணம் செய்து காதலிப்பதுதான் பெரிய வேலை.

நிறைவாக...

முதலில் கேள்வி கேட்ட அந்தத் தம்பிக்கு வருகிறேன். காதலுக்குக் கையெழுத்து எதற்கு? வேட்கைக்கு வேண்டாம் தம்பி. நெருக்கத்துக்கும் வேண்டாம். மூன்றாவது மூலையில் இருக்கிறதே உறுதி, அதற்குத்தான் கையெழுத்து. நீங்கள் நல்லவர், மறுக்க மாட்டீர்கள். ஆனால் நாளைக்கு நீங்கள் இல்லாமல் போனால், உங்களுக்காக யார் பேசுவார்கள்? அந்தத் தாள் பேசும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஒருவரை விரும்புகிறது என்று தெரிந்ததும் கதவைச் சாத்தாதீர்கள். நீங்கள் சாத்தும் கதவுதான் அவர்களை யாரும் அறியாத திருமணத்துக்குத் துரத்துகிறது. கோபம் இருக்கட்டும், வருத்தம் இருக்கட்டும். பதிவு அலுவலகத்துக்கு மட்டும் கூடப் போங்கள். இரண்டு சாட்சி கேட்பார்கள். அந்த இருவரில் ஒருவராக நீங்கள் நில்லுங்கள்.

அன்று ஒரு லயமே நமக்குச் சாட்சியாக நின்றது. இன்று லயம் இல்லை. ஆனால் நாம் இருக்கிறோம்.